கடலூர்–புதுச்சேரி: ரோட்டுக்கு ஒரு தராசு, ரயிலுக்கு ஒரு தராசு

14 ஜூன் 2025, காலை. பாகூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"விழுப்புரம்–நாகப்பட்டினம் நாலுவழிச் சாலையில் இரண்டு துண்டை ஏப்ரல் 6 அன்று ராமேஸ்வரத்திலிருந்தே பிரதமர் திறந்துவைத்துவிட்டார். சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரி–கடலூர் ரயில் பாதை மட்டும் 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்ததோடு சரி. அப்போது பால்வாடி போன என் பையன் இப்போது காலேஜ் போகிறான். இதற்கு அரசியலைத் தவிர வேறு காரணம் உண்டா? உண்டு என்பவர்கள் விளக்குங்கள் பார்ப்போம்."

14 ஜூன், இரவு

நான் விளக்குகிறேன். அரசியல் இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் அமைச்சர் மேசைக்கு ஃபைல் போவதற்கு முன்னாலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பாதிக் கதையை எழுதுவது ஒரு எக்செல் ஷீட்.

ஒரு தேசிய நெடுஞ்சாலைக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும்போது (ஊரில் எல்லோரும் டிபிஆர் என்பார்கள்) அதில் கேட்கும் கேள்வி இது: இந்த ரோடு வந்தால் எல்லோருக்குமாகச் சேர்த்து என்ன மிச்சம்? டீசல் எவ்வளவு மிச்சம், டயர் தேய்மானம் எவ்வளவு குறையும், விபத்து எவ்வளவு குறையும், போகிறவர்கள் வருகிறவர்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம். எல்லாவற்றையும் ரூபாயாக்கி, செலவுக்கு எதிரே வைத்து, ஆண்டுக்கு 12 சதவீதம் தேறினால் திட்டம் பொருளாதாரத் தகுதி பெற்றது. அந்த மிச்சத்தில் ஒரு பைசாகூட அரசு கஜானாவுக்கு வர வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறும் நான் இருபது நிமிஷம் முன்னால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் அந்த இருபது நிமிஷம் என் பாக்கெட்டில்தான். ஆனாலும் திட்டத்தின் வரவுப் பக்கத்தில் ஏறிவிடும்.

ரயில்வேயில் புதுப் பாதைக்கு வெகுகாலம் இருந்த அளவுகோல் வேறு. போட்ட பணத்துக்கு ரயில்வேக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் திரும்பி வருமா? டிக்கெட்டும் சரக்குக் கட்டணமும்தான் அங்கே வரவு. எனக்கு மிச்சமான இருபது நிமிஷத்துக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. நான் கொடுத்த பத்து ரூபாய் டிக்கெட் மட்டும் தெரியும். பயணிகளுக்காகப் போடும் பாதை எதுவும் இந்த 14-ஐ எட்டிப் பார்ப்பதே அபூர்வம். நிலக்கரியும் இரும்புத் தாதும் போகும் பாதைதான் தாண்டும்.

ஒரே ஆள், ஒரே பயணம். ரோட்டில் போனால் ஒரு தராசு, தண்டவாளத்தில் போனால் இன்னொரு தராசு. நம்மூர் ரயில் பாதை முதலில் தோற்றது அங்கே. அரசியல் அதற்கப்புறம்.

15 ஜூன்

"14 வரவில்லை என்றால் ஏன் பட்ஜெட்டில் போட்டார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சமூகத் தேவைக்கான பாதை என்று ஒரு வாசல் உண்டு. லாபம் வராது என்று தெரிந்தே அந்த வழியாக உள்ளே விடுவார்கள். உள்ளே விடுவது சுலபம், சோறு போடுவதுதான் கஷ்டம். சில பட்ஜெட்களில் இந்த 179 கிலோமீட்டர் பாதைக்கு ஒதுக்கிய தொகை 1,000 ரூபாய். கோடி, லட்சம் எதுவும் விட்டுப்போகவில்லை, வெறும் ஆயிரம். கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் சொச்சம் வருகிறது.

சிரிப்பு வந்தாலும் அந்த ஆயிரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கணக்குத் தலைப்பை உயிரோடு வைத்திருப்பது. பூஜ்யம் போட்டால் திட்டம் கைவிடப்பட்டது என்று ஆகிவிடும், பிறகு முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டும். ஆயிரம் போட்டால் "நிலுவையில்". ஐசியுவில் டியூப் மாட்டிவைக்கிற மாதிரி.

17 ஜூன்

எக்செல் ஷீட்டை நான் கிண்டல் செய்ததாக ஒரு என்ஜினியருக்குக் கோபம். "களத்தில் எடுத்த எண்களை வைத்துத்தான் செய்கிறோம்" என்கிறார். ஐயா, அந்தக் களத்தில் உட்கார்ந்திருந்தவனே நான்தான்.

டிப்ளமா முடித்து வேலை இல்லாமல் இருந்த காலம். ஒரு கன்சல்டன்சிக்காரர்கள் ஆள் எடுத்தார்கள். ஷிஃப்டுக்கு 250 ரூபாய், டீ அவர்கள் செலவு. ரெட்டிச்சாவடிக்குப் பக்கத்தில், ரோட்டோரப் புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும், மூன்று ஷிஃப்ட். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள். தாளில் நெடுக்கே வண்டி வகை, குறுக்கே கால் மணி நேரக் கட்டங்கள். வண்டி போகப் போக நாலு கோடு, அஞ்சாவது குறுக்கே. எந்த ரோட்டுக்காக எண்ணுகிறோம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாலாவது ராத்திரி. கொசுவர்த்தி அணைந்துபோய், இரண்டே முக்காலுக்குக் கண் சொருகியது. விழித்தபோது மூன்றே முக்கால் தாண்டியிருந்தது. நாலு கட்டம் காலி. முந்தின மணி நேரத்தைப் பார்த்தேன். லாரியில் இரண்டைக் குறைத்து, பைக்கில் ஒன்றைக் கூட்டி, அப்படியே நிரப்பினேன். சூப்பர்வைசர் காலையில் வந்து கூட்டல் மட்டும் சரிபார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று எனக்கே தெரியும். ஏழு நாளின் சராசரியில் அது கரைந்துபோகும். ஆனாலும் "களத்தில் எடுத்த எண்" என்று யாராவது அழுத்திச் சொன்னால் எனக்கு அந்தக் கொசுவர்த்திதான் நினைவுக்கு வருகிறது.

17 ஜூன், சற்று நேரம் கழித்து

எண்ணுவதைவிட வேடிக்கை, கேட்பது. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்கு என்று வண்டியை நிறுத்திக் கேட்கும் சர்வே ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், இல்லாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். காரணம் என்ற கட்டத்தில் வேலை, படிப்பு, மருத்துவம், சமூக நிகழ்ச்சி, மற்றவை.

முள்ளோடை எல்லைப் பக்கம், சனிக்கிழமை சாயங்காலம், கடலூரிலிருந்து வருகிற பைக்கை போலீஸ்காரரை வைத்துக்கொண்டு நிறுத்தி "எதற்காகப் புதுச்சேரி போகிறீர்கள்?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்? அன்றைக்கு எங்கள் தாளின்படி கன்னியக்கோயில் பக்கம் நாற்பது வீட்டில் துக்கம்.

18 ஜூன்

வண்டி எண்ணும் கணக்கில் பிசியூ என்று வருகிறதே, அது என்ன என்று கேட்டவருக்கு. எல்லா வண்டியையும் கார்க் கணக்கில் மாற்றுவது. கார் 1, ஆட்டோவும் 1. பைக் அரை. பஸ், லாரி 3. டிராக்டர் டிரெய்லர் நாலரை. கை வண்டி 3, குதிரை வண்டி 4. மாட்டு வண்டி 8!

ஆமாம், எட்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட அட்டவணை. எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பின்னால் வருகிறவரை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதுதான் கணக்கு, கௌரவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மாட்டு வண்டிக்காரர் பைபாஸ் வேண்டுவதற்கு எட்டு கார் முதலாளிகள் அளவுக்குக் காரணமாகிறார். பைபாஸ் வந்த பிறகு அதில் அவருக்கு இடமில்லை.

நம் பக்கத்தில் இதன் விளைவு என்ன தெரியுமா? நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அரைக்கும் பருவத்தில் எண்ணினால் ஒரு எண், பருவம் முடிந்து எண்ணினால் வேறு எண். ஒவ்வொரு கரும்பு டிராக்டரும் நாலரை ஆயிற்றே. இதைச் சரிக்கட்டப் பருவத் திருத்தக் காரணி என்று ஒன்று போடுவார்கள். பங்க்கில் மாதாமாதம் விற்ற டீசல் கணக்கை வைத்துக்கூட அதைக் கண்டுபிடிப்பதுண்டு. அந்த ஊர் டீசலில் எத்தனை லிட்டர் கரும்புக்குப் போனது, எத்தனை லிட்டர் போர் பம்புக்குப் போனது என்று பங்க் ரசீதில் எழுதியிருக்காது.

18 ஜூன், இன்னொன்று

நேரத்துக்கு விலை போடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் ஒரு மணி நேரமும் காரில் உட்கார்ந்திருப்பவரின் ஒரு மணி நேரமும் அந்தக் கணக்கில் ஒரே விலை இல்லை. கார்க்காரருக்கு அதிகம். வருமானத்தை வைத்துப் போடுகிறார்கள், கேட்டால் நியாயம் மாதிரிதான் தெரியும். கடலூரிலிருந்து டயாலிசிஸுக்கு ஜிப்மர் போகும் ஒருவரைப் பக்கத்து சீட்டில் பல மாதம் பார்த்திருக்கிறேன். தவளக்குப்பத்தில் பஸ் நின்றுவிட்டால் அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே. அவருடைய மணி நேரம் அட்டவணையில் மலிவு வரிசையில் இருக்கும்.

22 ஜூன்

சுற்றுச்சூழல் அனுமதி பற்றிக் கேட்டிருந்தார்கள். 2006 செப்டம்பர் அறிவிக்கையின்படி பெரிய திட்டத்துக்கு நாலு படி. முதலில் எந்த வகை என்று பிரிப்பது, அப்புறம் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுப்பது, மக்கள் கருத்துக் கேட்பு, கடைசியாக நிபுணர் குழு மதிப்பீடு. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ தலைமை தாங்க வேண்டும்.

சரி, விழுப்புரம்–நாகப்பட்டினத்துக்கு இந்தக் கூட்டம் எங்கே நடந்தது என்று தேடாதீர்கள். நடக்கவில்லை. இருக்கிற நெடுஞ்சாலையை அகலப்படுத்தினால் 30 கிலோமீட்டருக்கு மேல் என்று இருந்த வரம்பை 2013-இல் 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். நம் சாலை மொத்தம் 179.555 கிலோமீட்டர். அதை நாலு பேக்கேஜ் ஆக்கினார்கள்: விழுப்புரம்–புதுச்சேரி 29, புதுச்சேரி–பூண்டியாங்குப்பம் 38, பூண்டியாங்குப்பம்–சட்டநாதபுரம் 56.8, சட்டநாதபுரம்–நாகப்பட்டினம் 55.755. ஒன்றாவது நூறைத் தொடுகிறதா பாருங்கள். கறிவேப்பிலை மாதிரி நறுக்கி நூறுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

23 ஜூன்

நேற்று எழுதியதில் பாதி தப்பு. சிதம்பரத்து வக்கீல் ஒருவர் போட்டு உடைத்துவிட்டார், அவர் சொல்வதுதான் சரி.

சென்னை உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட நான் சொன்ன மாதிரித்தான் பார்த்தது, அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்றது. ஆனால் 2021 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. காரணம் நீளம் இல்லை, அகலம். 2013 திருத்தத்தில் இரண்டு நிபந்தனை இருக்கிறது: 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அத்தோடு கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும், பைபாஸிலும் தடம் மாறும் இடத்திலும் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி தேவை. இங்கே அகலம் தாண்டவில்லை. ஆக, ஒரே துண்டாக 179 கிலோமீட்டரையும் வைத்திருந்தாலும் இதே முடிவுதான்.

அதற்காக நறுக்குவது சரி என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. அனுமதியைத் தவிர்க்கும் தந்திரமாகத் துண்டு போடக் கூடாது என்றது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளைத் துண்டாக்கலாமா, எந்தச் சூழ்நிலையில் என்று பார்க்க ஒரு நிபுணர் குழு அமைக்கும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. வெட்டும் மரங்களுக்கு ஈடாக மரம் நடும் விதியைக் கறாராகப் பின்பற்றவும் சொன்னது. நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற தீர்ப்பு, நம் பூண்டியாங்குப்பத்தின் பெயரோடு.

கறிவேப்பிலை உவமையை வாபஸ் வாங்குகிறேன். நறுக்கியது நறுக்கியதுதான், ஆனால் குழம்பு அதனால் ருசிக்கவில்லை.

29 ஜூன்

அனுமதி தேவையில்லை என்றால் கருத்துக் கேட்பும் தேவையில்லை. அப்படியானால் சாதாரண ஆள் வாய் திறக்க மிஞ்சுகிற இடம் ஒன்றே ஒன்று. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, பிரிவு 3சி. நிலம் எடுக்கப்போகிறோம் என்று 3ஏ அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை. அதுவும் அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர் மட்டும்.

என் பெரியம்மாவுக்கு இந்த 21 நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். பெண்ணையாற்றுக்கு வடக்கே அவர்களுக்கு மணிலாக் கொல்லை (மணிலா என்றால் வேர்க்கடலை). வீட்டில் அதற்குப் பெயர் கெணத்துமேட்டுக் கொல்லை. சட்டப்படி இரண்டு பேப்பரில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று தமிழ். வந்தது. முழுப் பக்கம், எறும்பு எழுத்து. அதில் அவர்கள் கொல்லை இப்படி இருந்தது: ஒரு சர்வே எண், ஒரு உட்பிரிவு, வகைப்பாடு புன்செய், பரப்பு 0.14.5 ஹெக்டேர். பட்டாதாரர் பெயர் என் தாத்தா. அவர் இறந்து அப்போதே பதினெட்டு வருஷம்.

அந்தப் பேப்பரில்தான் பெரியம்மா வடாம் காயவைத்தார் என்று கதை சொன்னால் நன்றாக இருக்கும். பேப்பரே அந்த வீட்டுக்கு வருவதில்லை. ரெண்டு மாதம் கழித்துக் கொல்லையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு போன் செய்தார்.

"என்னாடா தம்பி, யாரோ எல்லைக்கல்லு நட்டுட்டுப் போயிருக்கான். நம்ம கொல்லையில எவன்டா பங்காளி?"

நான் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். ஹெக்டேர் என்றால் அவருக்கு விளங்கவில்லை. எத்தனை குழி என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன், இருபத்தேழு குழி சொச்சம். சற்று நேரம் பேசவில்லை. "கெணறு அதுல வருதா?" என்றார். வந்தது.

ஆபீஸுக்குப் போனோம். இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், தப்பு சொல்லக் கூடாது. 21 நாள் முடிந்துவிட்டது, இனி 3டி வந்தால் நிலம் அரசுக்குச் சொந்தம், நீங்கள் இழப்பீட்டில் பேசிக்கொள்ளலாம், முதலில் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் என்றார். கிணற்றுக்கு மதிப்பு போட்டார்கள், பணமும் வந்தது. 2015-க்கு அப்புறம் 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் நெடுஞ்சாலைக்கும் பொருந்துவதால் தொகை முந்தைய காலத்தைவிடப் பரவாயில்லை. பெரியம்மா அந்தப் பணத்தைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கேட்டது வேறு. "முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தாண்ட தரிசு இருக்குதே, அதுல போடுன்னு சொல்லியிருப்பேனே." தடம் எங்கே போக வேண்டும் என்று ஊரில் யாரையும் கேட்கிற கட்டம் அந்த நடைமுறையில் எங்கே இருக்கிறது? 21 நாளும் கோடு போட்ட பிறகு வருகிற 21 நாள்.

30 ஜூன்

குழிக் கணக்கு தப்பு என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார். ஐயா, உங்கள் ஊர்க் குழி வேறு, எங்கள் ஊர்க் குழி வேறு. எங்கள் பக்கம் நூறு குழி ஒரு காணி, ஒரு காணி 1.32 ஏக்கர். சண்டைக்கு வரவில்லை. ஹெக்டேர் கொண்டுவந்தவன் புத்திசாலிதான் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு இன்னொரு சிக்கல். கடலூர்–புதுச்சேரி ரோட்டில் போனால் தெரியும், எது தமிழ்நாடு எது புதுச்சேரி என்று பஸ் கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும். ஒரே தடத்துக்கு இரண்டு அரசின் கிராமக் கணக்கு, இரண்டு வருவாய்த் துறை. 1879-இல் புதுச்சேரி–விழுப்புரம் ரயில் பாதை வந்தபோது அந்தப் பக்கம் பிரெஞ்சு, இந்தப் பக்கம் ஆங்கிலேயர். அவர்களே பேசி முடித்துப் பாதை போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் அதே பாதையில் விழுப்புரம் போய்த் திரும்ப வேண்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

6 ஜூலை

ரயிலுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நாலு பேர் சொல்லியாகிவிட்டது. கொஞ்சம் எனக்கு எதிராக நானே வாதாடுகிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ளூவ்பியர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2002-இல் பல நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் சொன்ன செலவைவிட நிஜச் செலவு அதிகம். சாலையில் சராசரி 20 சதவீதம் கூடுதல், ரயிலில் சுமார் 45. அடுத்த ஆய்வில் இன்னும் மோசம்: ரயில் திட்டங்களில் எதிர்பார்த்த பயணிகள் எண்ணிக்கை, உண்மையில் வந்ததைப் போல் சராசரியாக இரண்டு மடங்கு. ஆக, ரயில்வேக்காரர்கள் 14 சதவீதம் என்று முள்வேலி போட்டதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வேலி இல்லாவிட்டால் எல்லா எம்பியும் ஆளுக்கொரு பாதை கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். கட்டியும் இருக்கிறார்கள்.

சாலைக்காரர்களும் யோக்கியம் இல்லை. மத்திய அரசின் பெரிய நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டத்துக்கு 2017-இல் அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது 34,800 கிலோமீட்டருக்கு 5,35,000 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 15.37 கோடி. 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தபோது கிலோமீட்டருக்கு 32.17 கோடி ஆகியிருந்தது. எந்த விலைக்குத் தேறும் என்று மதிப்பிட்டார்களோ அந்த விலையில் வேலை நடக்கவே இல்லை.

அப்படியானால் என் முதல் பதிவு என்ன ஆகிறது? யோசித்துப் பார்த்தேன். தராசு இரண்டு என்பது நிற்கிறது. மெட்ரோவுக்கு 2017 கொள்கையில் இதை மாற்றிவிட்டார்கள்: முன்பு 8 சதவீத நிதி வருவாய் கேட்டார்கள், இப்போது 14 சதவீதப் பொருளாதார வருவாய். அதாவது பயணியின் நேரமும் குறைகிற புகையும் கணக்கில் வருகின்றன. சென்னைக்காரரின் நேரத்தைத் தராசில் வைக்க முடிகிறது என்றால் கடலூர்க்காரருடையதையும் வைக்கலாம். வைத்துப் பார்த்து, அப்புறமும் தேறவில்லை என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். எடை போட்டுத் தோற்பது வேறு, தட்டில் ஏற்றாமலே தோற்பது வேறு.

13 ஜூலை

இந்த வாரம் எழுதப் பிடிக்கவில்லை. 8-ஆம் தேதி செம்மங்குப்பம் லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் சுரங்கப்பாதைக்கு ரயில்வே தரப்பில் ஒப்புதல் இருந்ததாகவும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்றும் ரயில்வே சொல்லியிருக்கிறது.

பெரிய திட்டத்துக்கு டிபிஆர், கமிட்டி, சதவீதம் என்று ஆயிரம் இருக்கிறது. ஒரு சுரங்கப்பாதைக்கு?

20 ஜூலை

"கடைசியில் கையெழுத்துப் போடுவது யார்?" என்று பாகூர்க்காரரே திரும்ப வந்து கேட்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசு நேரடியாகப் பணம் போடும் திட்டம் 500 கோடியைத் தாண்டினால் பொது முதலீட்டு வாரியம் அலசும், 1,000 கோடியைத் தாண்டினால் அமைச்சரவை ஒப்புதல் தர வேண்டும். தனியாரோடு சேர்ந்து செய்வது என்றால் பொருளாதார விவகாரச் செயலாளர் தலைமையில் தனி மதிப்பீட்டுக் குழு. 2021 அக்டோபரில் கதிசக்தி வந்த பிறகு, எல்லாத் துறை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் திட்டமிடல் குழுவையும் தாண்ட வேண்டும்.

நம் நாலுவழிச் சாலை ஹைப்ரிட் ஆன்யுட்டி முறை. கட்டும்போது அரசு 40 சதவீதம் தருகிறது, மீதி 60-ஐ ஒப்பந்தக்காரர் புரட்டிப் போட்டு வருஷக் கணக்கில் தவணையாக வாங்கிக்கொள்கிறார். டோல் பணம் அரசுக்கு. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் ஒப்பந்தக்காரருக்குத் தவணை உண்டு. இதில் ஒரு குசும்பு இருக்கிறது. முன்பெல்லாம் டோல் வசூலை நம்பிப் பணம் போடும் முதலாளி, எங்களை மாதிரிப் பையன்கள் எண்ணிய எண்ணைச் சந்தேகத்தோடு இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார். அவருக்கு அந்தக் கவலை போய்விட்டால் எண்ணைச் சந்தேகப்பட யார் மிச்சம்? என் கொசுவர்த்தி ராத்திரி எந்தக் கமிட்டியிலும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

3 ஆகஸ்ட்

இன்று காலை பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி, பச்சை ஜாக்கெட், கையில் அட்டை. ஒரு பையன். இப்போதெல்லாம் கம்பத்தில் கேமரா கட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், வண்டியை நிறுத்திவிட்டேன்.

"கேமரா இருக்கு சார். அது ராத்திரியில பைக்கையும் டிவிஎஸ் ஃபிஃப்டியையும் குழப்புதாம். அதான் எங்களையும் உக்கார வெச்சிருக்காங்க. ஏழு நாள்."

எந்த ரோட்டுக்கு என்று கேட்டேன். தெரியாது என்றான். ஷிஃப்டுக்கு எவ்வளவு என்றேன். 600. தூக்கம் வராதா என்றேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை.

"சார், ஒரு உதவி. எதிர்க்க அந்த டீக்கடைக்குப் போய் ஒரு டீ அடிச்சிட்டு வந்துடட்டுமா? அஞ்சு நிமிஷம் நீங்க இதப் பாத்துக்குறீங்களா?"

அட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பைக் பதினொன்று. கார் நாலு. புதுச்சேரி பஸ் ஒன்று. ஷேர் ஆட்டோ இரண்டு, அதில் ஒன்றில் ஆட்களை எண்ணவே முடியவில்லை. அப்புறம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று, பின்னால் வரிசையாக எல்லோரையும் காக்கவைத்துக்கொண்டு மெதுவாக வந்தது. டிரெய்லர் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். நாலரை.